லாட்டரி மோசடி: எண்களின் பட்டியலைத் தேடாதீர்கள், பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

உங்கள் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கௌன் பனேகா குரோர்பதி (கேபிசி) என்ற இந்தித் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்சம் ரூபாய் பரிசு, +92 என்று தொடங்கும் எண், பதிவுக் கட்டணம் என்று அவர் ஏற்கெனவே அனுப்பிவிட்ட 8,200 ரூபாய், இப்போது வரிக்கென்று கேட்கும் 25,000 ரூபாய். ஆதார், வங்கிப் பாஸ்புக் படங்களையும் அனுப்பியிருக்கிறார். இப்படிப்பட்ட மோசடி எண்களும் ஈமெயில் முகவரிகளும் அடங்கிய பட்டியல் எங்கே கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி.

பட்டியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற உதவி எண். மாநிலக் காவல்துறையினர்தான் எடுத்துப் பேசுவார்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. அங்கே புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறார்கள். மோசடிக்காரர்கள் பணம் வந்த சில நிமிடங்களிலேயே அதை இரண்டு மூன்று கணக்குகளுக்குச் சிதறடித்துவிடுவார்கள். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நாள்கள் கடந்திருந்தால் 8,200 ரூபாய் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. அப்படியிருந்தாலும் புகார் கொடுங்கள். அந்தக் கணக்கு முடங்கினால் அடுத்து ஏமாறவிருக்கும் ஒருவராவது தப்புவார். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் படங்களோடு எழுத்துப்பூர்வமாகவும் பதிவு செய்யுங்கள். பெரியப்பாவின் வங்கிக் கிளைக்கும் இன்றே தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று: கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். எண், படம், குரல் பதிவு, பணம் அனுப்பச் சொன்ன கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த எண்ணைப் புகாரளித்து முடக்க வேண்டும்.

இப்போது பட்டியல். வங்கிக் கிளையில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மோசடி எண்களின் பட்டியல் உங்களைக் காப்பாற்றாது. சில சமயம் அது ஆபத்தாகவே முடியும். பட்டியலில் ஏறும் எண் பெரும்பாலும் அதற்குள் கைவிடப்பட்ட எண்ணாகத்தான் இருக்கும். ஒரு சிம் முடக்கப்பட்டால் அடுத்ததை மாட்டிக்கொள்கிறார்கள். ஈமெயில் முகவரியோ இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பட்டியலை நம்பும் மனிதர் என்ன செய்கிறார்? தனக்கு வந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறார். பட்டியலில் இல்லை என்றதும், "அப்படியானால் இது உண்மையானதுதான்" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார். அந்தப் பொய் நிம்மதிதான் எனக்குக் கவலை.

எண்களைப் பற்றி அறிந்துகொள்ளத்தக்க சில விஷயங்கள் இல்லாமல் இல்லை. +92 பாகிஸ்தானின் குறியீடு. நம்முடைய +91க்கு அடுத்த எண் என்பதால் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு அது உள்நாட்டு எண்ணாகவே தெரியும். மும்பையில் தலைமை அலுவலகம் என்று சொல்லிக்கொள்பவர் பாகிஸ்தான் எண்ணிலிருந்து பேச எந்தக் காரணமும் இல்லை. +234 நைஜீரியா. +44 பிரிட்டன், ஆனால் அதற்கடுத்து 70 என்று வந்தால், அது அழைப்பை வேறெங்கோ திருப்பிவிடப் பயன்படும் தனிநபர் எண். பார்ப்பதற்குப் பிரிட்டிஷ் கைபேசி எண் போலவே இருக்கும், பேசுபவர் எந்த நாட்டிலும் இருக்கலாம். அமெரிக்காவில் வயதானவர்களைக் குறிவைக்கும் லாட்டரி அழைப்புகள் பல ஜமைக்காவிலிருந்து போகின்றன. ஜமைக்காவின் 876 என்ற எண்ணுக்கு முன்னாலும் அமெரிக்காவைப் போலவே +1தான் வரும் என்பது அங்கே அவர்களுக்கு வசதி. அமெரிக்காவில் பெற்றோர் இருக்கும் தமிழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் +91 என்று வந்துவிட்டால் நம்பகமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் ஆவணத்தில் வாங்கிய இந்திய சிம்கள் மோசடிக்குத் தாராளமாகப் பயன்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண் போலக் காட்டும் தந்திரமும் இருந்துவந்தது. அவற்றைத் தடுக்கவென்றே 2024 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகளையும் நம்ப வேண்டாம். அந்தப் பெயர்கள் பொதுமக்கள் சேமித்து வைத்ததிலிருந்து வருபவை. நாலு பேர் சேர்ந்து ஓர் எண்ணை "லாட்டரி தலைமை அலுவலகம்" என்று பதிந்தால் உங்கள் திரையிலும் அப்படியே தெரியும். வாட்ஸ்அப்பின் முகப்புப் படத்தில் அசோகச் சின்னத்தை எவரும் வைத்துவிட முடியும், அது அரசு எண் என்பதற்கு அடையாளம் இல்லை.

ஆகவே எண்ணை விட்டுவிட்டு, பெரியப்பாவுக்கு வந்த செய்தியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இதன் வார்ப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அமிதாப் பச்சன் படம், பிரதமர் படம், ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சின்னம், வங்கி முத்திரை, கையெழுத்து, நடுவே காசோலை போன்ற ஒரு படம். "அகில இந்திய சிம் கார்டு குலுக்கலில் உங்கள் எண் தேர்வாகியிருக்கிறது" என்ற வாசகம். நாலு இலக்க லாட்டரி எண் ஒன்று. கூடவே இந்தியில் ஒரு குரல் பதிவு. கடைசியில், "மேலாளரை வாட்ஸ்அப் அழைப்பில் மட்டுமே தொடர்புகொள்ளவும், சாதாரண அழைப்பில் பேச வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம்."

இதில் எல்லோரும் படத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்தக் கடைசி வரியை. வாட்ஸ்அப் மட்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? அந்தச் சிம் இந்தியாவில் இல்லை. சாதாரண அழைப்பு என்றால் வெளிநாட்டுக் கட்டணம் பிடித்ததுமே கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். யாரிடமும் சொல்லாதே என்று ஏன் சொல்கிறார்கள்? வீட்டில் ஒருவர் காதில் விழுந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். தொலைபேசி எண்களைக் குலுக்கிப் போட்டு லட்சக்கணக்கில் பரிசு தரும் லாட்டரி இந்தியாவில் எங்கும் இல்லை. 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, மாநில அரசுகள்தாம் லாட்டரி நடத்த முடியும். தொலைக்காட்சியோ தொலைபேசி நிறுவனமோ நடத்த முடியாது.

டெல்லி காவல்துறையின் சைபர் பிரிவு இதே கேபிசி மோசடியைப் பற்றி மக்களை எச்சரித்தபோது அடுத்தடுத்த கட்டங்களையும் விளக்கியிருந்தது. முதலில் "திருப்பித் தரப்படும்" என்று சொல்லி ஒரு சிறு கட்டணம். அது வந்ததும் ஜிஎஸ்டி. பிறகு இன்னொரு காரணம். பாதிக்கப்பட்டவர் தயங்கத் தொடங்கினால் பரிசுத் தொகை 45 லட்சமாகிறது, பிறகு 75 லட்சமாகிறது. இப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். கடைசியில் அவர் பணத்தைக் கேட்டு நெருக்கும்போது எண் அணைந்துவிடுகிறது. உங்கள் பெரியப்பா இதில் இரண்டாவது படியில் நிற்கிறார். 25,000 ரூபாய் அனுப்பினால் மூன்றாவது படி நிச்சயம் வரும்.

நான் உங்களுக்குத் தர விரும்பும் அடையாளம் ஒன்றே ஒன்று. உண்மையான பரிசில் பிடித்தம் போக மீதி உங்களிடம் வரும். போலிப் பரிசில் உங்களிடமிருந்து முதலில் பணம் போகும். எண்ணும் படமும் மொழியும் மாறிக்கொண்டே இருந்தாலும் இது மாறுவதில்லை. அவர்களின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது.

ஓர் உண்மைக் கணக்கைப் பாருங்கள். 2023இல் கேரள அரசின் ஓணம் பம்பர் லாட்டரியில் முதல் பரிசு 25 கோடி ரூபாய், திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு 25 கோடி விழுந்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. "நமக்கும் விழாதா" என்று நினைப்பது அதனால் மடமையும் இல்லை. அந்த 25 கோடியில் 10 சதவீதம், அதாவது இரண்டரைக் கோடி, முகவர் கமிஷனாகப் போகிறது. மீதி இருபத்திரண்டரைக் கோடியில் 30 சதவீதம், ஆறே முக்கால் கோடி, வருமான வரியாகப் பிடிக்கப்படுகிறது. லாட்டரித் துறை கையில் தருவது 15 கோடியே 75 லட்சம். இவ்வளவு பெரிய தொகையில்கூட வென்றவர் தம் பையிலிருந்து எடுத்து "முதலில் வரி கட்டுங்கள், பிறகு தருகிறோம்" என்று யாரும் கேட்கவில்லை. லாட்டரித் துறையே பிடித்தம் செய்துகொண்டு மீதியைத் தருகிறது. ஆறே முக்கால் கோடி ரூபாயைப் பரிசிலேயே கழித்துக்கொள்ள முடிகிறபோது, பெரியப்பாவின் 25,000 ரூபாயை 25 லட்சத்தில் கழித்துக்கொள்ள என்ன தடை? இந்தக் கேள்வியை அந்த "மேலாளரிடம்" கேட்டால் விதிமுறை, ரிசர்வ் வங்கி, கணினி என்று ஏதேதோ சொல்வார். பதில் மட்டும் வராது. ஜிஎஸ்டி என்றால் அதுவும் பொய். லாட்டரிக்கான ஜிஎஸ்டி டிக்கெட் விற்பனையின்மீது விழுவது. பரிசு வென்றவரிடம் அதை வசூலிப்பதில்லை.

விஷயம் தெரிந்த யாராவது இங்கே ஒரு விதிவிலக்கைச் சுட்டிக்காட்டலாம், அது சரியானதும்கூட. பரிசு பணமாக இல்லாமல் காராகவோ நகையாகவோ இருந்தால் அதில் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் பொருளை ஒப்படைப்பதற்கு முன் வரி கட்டப்பட்டிருக்கிறதா என்று தருபவர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒரு மோசடிக் கூட்டம் தபாலில் சுரண்டல் அட்டை அனுப்புகிறது. நீங்கள் எப்போதோ ஆன்லைனில் பொருள் வாங்கிய கடையின் பெயரில் ஓர் உறை வரும். உங்கள் பெயரும் முகவரியும் துல்லியமாக இருக்கும். சுரண்டினால் எல்லோருக்கும் கார்தான். "கார் வேண்டாமென்றால் 12 லட்சம் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம், வரியை மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள்" என்பார்கள். ரொக்கம் என்றதுமே அந்த விதிவிலக்கு காலாவதியாகிவிடுகிறது, அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளலாம். உண்மையாகவே கார் பரிசாக வந்தாலும் வரி உங்கள் பான் எண்ணின்பேரில் வருமான வரித்துறைக்குப் போகும், செலுத்தியதற்கான சலான் வரும். யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கு ஒருபோதும் போகாது.

தனிநபர் கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரியப்பா பணம் அனுப்பிய கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனப் பெயர் இருக்காது. பீகாரிலோ ஒடிசாவிலோ நம் மாநிலத்திலேயோ இருக்கும் ஏதோ ஒரு சாதாரண மனிதரின் பெயர் இருக்கும். அவர் சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் வாடகைக்கு விட்டவராக இருக்கலாம். கல்லூரி மாணவர்கள்கூட இதில் சிக்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் யாராவது "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று சொன்னால், போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் வாசலில்தான் என்பதைச் சொல்லி வையுங்கள்.

ஈமெயிலில் வருவது வேறு தினுசு, ஆனால் கரு ஒன்றுதான். "உலகெங்கும் உள்ள ஈமெயில் முகவரிகளிலிருந்து கணினிக் குலுக்கலில் உங்கள் முகவரி தேர்வானது, பரிசு 5 லட்சம் பவுண்டு, குறிப்பு எண் இது, தொகுதி எண் இது, உரிமை கோர இந்த அதிகாரிக்கு எழுதவும்." பெரிய கணினி நிறுவனங்களின் பெயர், குளிர்பான நிறுவனங்களின் பெயர், பிரிட்டன் தேசிய லாட்டரியின் பெயர் எல்லாம் இதற்கு இழுக்கப்படும். அனுப்புநர் பெயராகத் திரையில் தெரிவது அனுப்புபவர் தட்டச்சு செய்த எழுத்துகள் மட்டுமே. அதன்மேல் தொட்டுப் பார்த்தால் உண்மையான முகவரி தெரியும். அதில் "அட்" குறிக்குப் பிறகு வருவதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியில் வரும் டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் போன்ற பகுதியும் அதற்கு உடனே முன்னால் இருக்கும் சொல்லும்தான் அந்த முகவரியின் சொந்தக்காரரைச் சொல்கின்றன. முன்னால் எத்தனை புகழ்பெற்ற பெயர்களைக் கோத்திருந்தாலும் அவை வெறும் அலங்காரம். இந்திய அரசு முகவரி என்றால் ஜிஓவி டாட் இன் அல்லது என்ஐசி டாட் இன் என்று முடியும். பிறகு பதில் எழுதுவது போல ஒரு முறை அழுத்திப் பாருங்கள், ஆனால் எழுதி அனுப்ப வேண்டாம். மடல் ஒரு முகவரியிலிருந்து வந்திருக்கும், பதில் போகும் முகவரி வேறொன்றாக, பெரும்பாலும் இலவச ஈமெயிலாக இருக்கும். பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியே இல்லாமலும் இருக்கலாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே வீச்சில் அனுப்பிய மடல் என்பதற்கு அது அடையாளம்.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் அசலைக் காட்டும் வசதியை அழுத்தினால் மடல் அது சொல்லும் முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு வரும். தோற்றிருந்தால் அந்தப் பெயரில் வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பொருள். தேறியிருந்தால் மடல் நேர்மையானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மோசடிக்காரர் தாமே ஒரு டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி அதிலிருந்து ஒழுங்காக அனுப்பினால் மூன்றும் தேறும். இணைப்பாக வரும் கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

எழுத்துப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நம்பவே முடியாத கதையோடு மடல் எழுதுவதில் மோசடிக்காரருக்கு ஆதாயம் இருக்கிறது என்றார். சந்தேகப்படுபவர்கள் முதல் வரியிலேயே விலகிவிடுவார்கள். பதில் எழுதுபவர்கள் கடைசிவரை வரக்கூடியவர்கள். அவர்களோடு மட்டும் நேரம் செலவிட்டால் போதும். இதை யோசித்துப் பாருங்கள்: அந்தக் கதையைப் போலவே பிழையும் சல்லடையாகப் பயன்பட்டிருக்கலாம். இன்றைக்கோ கணினியே பிழையில்லாத தமிழில் எழுதித் தருகிறது. நல்ல தமிழில், உங்கள் பெயரைச் சொல்லி, மரியாதையாக வரும் மடலுக்கு இந்தப் பிழைச் சோதனை என்ன செய்யும்?

வெளிநாட்டு லாட்டரி என்று சொல்லும் எந்த மடலையும் ஒரே அடியில் முடித்துவிட ஒரு சட்டம் இருக்கிறது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, லாட்டரிச் சீட்டு வாங்குவதற்காக இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவே கூடாது. பரிசு பெற்றுத்தருவதாகச் சொல்லும் கட்டணங்களையும் அனுப்ப அனுமதியில்லை என்று ரிசர்வ் வங்கி 2010இல் வங்கிகளுக்கும் மக்களுக்கும் தெளிவுபடுத்தியது. ஆகவே உண்மையான வெளிநாட்டு லாட்டரி என்றே வைத்துக்கொண்டாலும் பணம் கட்டினால் சட்டத்தை மீறுவது நீங்கள்தான். பிரிட்டன் தேசிய லாட்டரியை 1994 முதல் நடத்திய கேமலாட் நிறுவனத்திடமிருந்து 2024 பிப்ரவரியில் ஆல்வின் நிறுவனத்துக்குப் பொறுப்பு மாறிவிட்டது. இன்றும் கேமலாட் பெயரில் பரிசு அறிவித்து ஒரு மடல் வந்தால் அதன் யோக்கியதை உங்களுக்கே தெரிந்துவிடும். ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்தோடு வரும் கடிதங்களும் இப்படித்தான். ரிசர்வ் வங்கி தனிமனிதர்களுக்குச் சேமிப்புக் கணக்கு வைப்பதில்லை, பரிசுப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு கடிதமும் எழுதுவதில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னொரு வலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே 1968இல் அரசே லாட்டரி தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் நினைவிருக்கும். கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போன குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த பிறகு 2003இல் எல்லா லாட்டரிகளின் விற்பனைக்கும் இங்கே தடை வந்தது. கடை போனாலும் ஆசை போகவில்லை. கேரள எல்லைக்குப் போய் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். போக முடியாதவர்களைத்தான் இப்போது கைபேசியில் பிடிக்கிறார்கள். "கேரள லாட்டரி ஆன்லைனில்" என்று விளம்பரம் வருகிறது. பணம் அனுப்பினால் டிக்கெட்டின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். குலுக்கல் முடிந்ததும் உங்கள் எண்ணுக்குப் பரிசு விழுந்ததாகத் திருத்தப்பட்ட முடிவுப் பட்டியலும் வரும். அதன் பிறகு வழக்கமான கட்டணங்கள் தொடங்கும்.

இந்த வலை மற்றவற்றைவிடக் கொடியது. "நான் டிக்கெட்டே வாங்கவில்லையே, எனக்கு எப்படி விழும்?" என்ற இயல்பான தற்காப்பு இங்கே வேலை செய்யாது. வாங்கியதாகவே அவர் நினைக்கிறார். கேரள அரசு தன் லாட்டரியை ஆன்லைனில் விற்பதில்லை. தாளில் அச்சிட்ட டிக்கெட் மட்டுமே உண்டு. பரிசு வாங்க அந்த அசல் தாளைப் பின்பக்கம் கையெழுத்திட்டு, 30 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய் வரையிலான பரிசை முகவரிடமே வாங்கிக்கொள்ளலாம். பெரிய தொகையென்றால் லாட்டரி அலுவலகத்திலோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும். படத்தைக் காட்டிப் பரிசு வாங்க வழியே கிடையாது. கேரள லாட்டரியின் பெயரில் உலவும் போலிச் செயலிகளைப் பற்றி அம்மாநிலக் காவல்துறையே எச்சரித்திருக்கிறது.

இனி உங்கள் பெரியப்பா. நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனால் எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. கிளையில் ஒருநாள் ஒரு பெரியவர் பணம் அனுப்பும் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். பெறுபவரின் பெயரை எழுத்தெழுத்தாகத் துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதியிருந்தார், ஊர் பெயரும் அவருக்குத் தெரியவில்லை. யாருக்கு ஐயா அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "தெரிந்தவர்தான்" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. சட்டைப் பையில் கைபேசி அப்போதும் இணைப்பிலேயே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். கைபேசியை வாங்கி அணைத்துவிட்டு, உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அவர் வாயிலிருந்தே முழுக்கதையையும் சொல்லச் சொன்னோம். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. மகன்களிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

பெரியப்பாவின் நிலையை யோசியுங்கள். தினமும் காலையில் ஒருவன் அழைத்து, சார், சாப்பிட்டீர்களா, உங்கள் கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்று பேசுகிறான். வீட்டில் யாரும் அவ்வளவு நேரம் அவரோடு பேசுவதில்லை. வீட்டுக் கடன், பேத்தி கல்யாணம் என்று அந்த 25 லட்சத்தை அவர் மனத்தில் செலவழித்தும் முடித்திருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் போய், "இதுகூடத் தெரியாதா உங்களுக்கு" என்று ஆரம்பித்தால் நீங்கள் எதிரி, அவன் நண்பன். அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியப்பா, அந்த ஆளிடம் ஒன்று மட்டும் கேட்கலாமா? வரியைப் பரிசிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பச் சொல்வோம்" என்று சொல்லுங்கள். அவர் முன்னாலேயே ஒலிபெருக்கியில் போட்டுக் கேளுங்கள். அவன் கத்துவான், மிரட்டுவான், பரிசு ரத்தாகிவிடும், வழக்கு வரும் என்பான். உங்கள் நூறு விளக்கங்களால் ஆகாதது அந்த ஒரு கத்தலில் ஆகிவிடும். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவர் தனியாக இந்த அழைப்பைச் செய்ய வேண்டாம்.

பிறகு அவருடைய வாட்ஸ்அப் அமைப்பில் தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். யுபிஐ விஷயத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடமாக்குங்கள்: பணம் வாங்க யுபிஐ ரகசிய எண் (பின் நம்பர்) தேவையே இல்லை, அந்த ரகசிய எண்ணைக் கேட்டால் பணம் வெளியே போகிறது.

ஆதாரும் பாஸ்புக்கும் போனதற்குப் பதற வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ அவருடைய கைரேகைப் பதிவைப் பூட்டி வையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். அவருடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவித்து நீக்கச் சொல்லலாம். மோசடிச் செய்தி வந்த எண்ணை அதே தளத்தின் சக்ஷு பகுதியில் புகாரளிக்கலாம். பணம் போவதற்கு முன் அதைப் பயன்படுத்துங்கள், போன பிறகு என்றால் 1930தான். பாஸ்புக் படம் போயிருப்பதால் வங்கிக் கணக்கில் வரவு செலவை ஒரு மாதத்துக்காவது தினமும் பாருங்கள். தெரியாத பணம் உள்ளே வந்தாலும் உடனே கிளைக்குச் சொல்லுங்கள், எடுத்துச் செலவழித்துவிட வேண்டாம். ஒரு சட்ட நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் அவரது பொறுப்புக்கு வரம்பு கட்டும் ரிசர்வ் வங்கி விதி 2017 முதல் இருக்கிறது. அவரே விரும்பி அனுப்பிய பணத்தை அந்த விதியை வைத்து வங்கியிடம் கேட்க முடியாது.

இன்னும் சில வாரங்களில் பெரியப்பாவுக்கு வேறோர் அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மோசடிக்காரர்களிடையே கைமாறுகிறது. இந்த முறை பேசுபவர் தன்னைச் சைபர் கிரைம் அதிகாரி என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொள்வார். "நீங்கள் இழந்த 8,200 ரூபாயை மீட்டுவிட்டோம், வேறு ஒருவரிடம் பிடித்த பணத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு, நீதிமன்றக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்பார். தொகையும் தேதியும் சரியாகச் சொல்வார், ஏனென்றால் அதை வாங்கியவர்களே அவர்கள்தான். புகாரைப் பதிவு செய்ததும் உங்களுக்கு ஓர் ஒப்புகை எண் கிடைக்கும். யாராவது அப்படி அழைத்தால் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், எதையும் ஒப்புக்கொள்ளாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கே நேரில் போய் விசாரியுங்கள். மீட்கப்பட்ட பணத்தைத் திருப்பித் தரக் காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை.